பத்து மணிக்கு என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்ன படிக்கலாம் என்று நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பகுதியை வீட்டில் மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தோம். என் மகள் இப்போது பள்ளி இறுதி ஆண்டில் இருக்கிறாள். படிப்பின் பெயர், எத்தனை ஆண்டு, என்ன தகுதி, முடித்தால் எங்கே வேலை என்று கட்டம் கட்டமாகக் கொடுத்திருந்தீர்கள். உழைப்பு தெரிகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு மகள் கேட்டாள்: "அப்பா, இந்த வேலைக்கெல்லாம் போகிறவர்கள் காலையில் பத்து மணிக்குப் போய் உட்கார்ந்ததும் என்ன செய்வார்கள்?" யோசித்துப் பார்த்தேன். என் வேலையைத் தவிர வேறு எதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் கணக்குத் தணிக்கை செய்கிறவன். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பையன், அதனால் ஆடிட்டர் ஆகலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள், வந்துவிட்டேன். முதல் மாதமே ஒரு கிடங்கில் நிற்க வைத்துப் பெட்டிகளை எண்ணச் சொன்னார்கள். அப்புறம்தான் புரிந்தது, இந்த வேலையில் கணக்கு என்பது பெரும்பாலும் கூட்டல், கழித்தல், சதவீதத்தோடு நின்றுவிடும். நாள் முழுக்க ஆட்களிடம் காகிதம் கேட்க வேண்டும். "நாளைக்குத் தருகிறேன்" என்று சொன்னவரிடம் மறுநாளும் முகம் சுளிக்காமல் போய் நிற்க வேண்டும். எனக்கு அது பழகிவிட்டது, போகப் போகப் பிடித்தும் போனது. என்னோடு சேர்ந்த நண்பன் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரன். அவனுக்கு அது கடைசிவரை ஒத்துவரவில்லை. நான்கு ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு விலகிப் போனான். அவனுக்குப் பிடித்தது கணிதம், நாங்கள் செய்துகொண்டிருந்தது தணிக்கை. பதினேழு வயதில் யாராவது ஒரு கிடங்கைக் காட்டியிருந்தால் அவனுக்கு அந்த நான்கு ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

இந்தத் தொழில் வழிகாட்டல் என்ற துறைக்கு வித்திட்டவராகச் சொல்லப்படும் ஃபிராங்க் பார்சன்ஸ், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908-ல் இளைஞர்களுக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார். அதே ஆண்டு இறந்தும் போனார். அவர் எழுதி வைத்திருந்த புத்தகம் 1909-ல் வெளிவந்தது. அவர் சொன்னது மூன்றே விஷயம்தான்: உன்னைத் தெரிந்துகொள், வேலையைத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார். மனிதர் முதலில் கட்டடப் பொறியியல் படித்தவர். சேர்ந்த ரயில் நிறுவனம் 1873 நிதி நெருக்கடியில் திவாலானதும் இரும்பாலையில் கூலி வேலை பார்த்திருக்கிறார், பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறார், வழக்கறிஞராகி, சட்டக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்து, நகர மேயர் தேர்தலிலும் நின்று தோற்றிருக்கிறார். இப்படி ஒருவரிடம் போய் என் மகளுக்கு யோசனை கேட்பேனா என்றால் கொஞ்சம் தயங்குவேன்! ஆனால் இத்தனை வேலைகளையும் உள்ளே இருந்து பார்த்தவர் அவர். அவர் சொன்ன மூன்றில் முதலாவதை மட்டும் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். திறனறித் தேர்வு, ஆர்வத் தேர்வு என்று பிள்ளைகளை அளந்துகொண்டே இருக்கிறோம். இரண்டாவதை அளக்கத்தான் ஆள் இல்லை.

சில நாடுகளில் இதற்குப் பள்ளியிலேயே வழி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஒன்பதாம் வகுப்பு வாக்கில் மாணவர்கள் இரண்டு மூன்று வாரம் ஏதாவது ஒரு பணியிடத்துக்குப் போய்வருகிறார்கள். ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் 1998-லிருந்து பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளை ஒரு வாரம் வகுப்பை விட்டுக் கடைக்கும் பட்டறைக்கும் பண்ணைக்கும் அனுப்புகிறார்கள். அயர்லாந்தில் 1974-ல் தொடங்கிய இடைநிலை ஆண்டு என்ற ஏற்பாடு இருக்கிறது. பதினைந்து, பதினாறு வயதில் பெரிய தேர்வு எதுவும் இல்லாத ஓர் ஆண்டு; அதில் வேலை அனுபவமும் ஒரு பகுதி.

அப்படி ஓர் ஏற்பாடு இல்லாதவர்கள் என்ன செய்வது? நாங்கள் கேட்டுப் பார்த்தோம், அவ்வளவுதான். என் மகளுக்கு நாய் என்றால் உயிர், அதனால் கால்நடை மருத்துவம் என்று பத்து வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் மூன்று நாள் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேட்டேன். ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம். அது ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாள் கூண்டு கழுவினாள், ஒரு பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள், கையில் இரண்டு கீறலோடு சந்தோஷமாக வந்தாள். இரண்டாம் நாள் குறிப்பேடு எடுத்துப் போனாள். அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினாள்: "தடுப்பூசி 6, நகம் வெட்டியது 3, கட்டுப் பிரித்தது 1, டாக்டர் பேசியது எண்ண முடியவில்லை." மூன்றாம் நாள் ஒருவர் வயதான நாயைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார், கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், நாயை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று இரவு சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "நாய்க்கு வைத்தியம் பாதிதான்பா. மீதிப் பாதி அந்த ஆளிடம் பேசுறது."

வேண்டாம் என்று சொல்லிவிட்டாளா என்றால், இல்லை. அடுத்து மாட்டு வைத்தியம் பார்க்கிற இடத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். சரி, போகட்டும்.

எல்லா இடத்திலும் உள்ளே விடமாட்டார்கள் என்பதும் தெரியும். தொழிற்சாலையில் ஆபத்து, மருத்துவமனையில் நோயாளியின் அந்தரங்கம். அங்கெல்லாம் அரை மணி நேரப் பேச்சாவது கிடைக்கும். பேசுவதானால் துறையின் உச்சியில் இருப்பவரைத் தேடிப் போகாதீர்கள். அவருக்குத் தன் முதல் மூன்று ஆண்டு பாதி மறந்திருக்கும், மீதி இனித்திருக்கும். வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டு ஆனவரைப் பிடியுங்கள். "வேலை பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

படிப்பின் பெயரை வைத்தும் ஏமாறக் கூடாது. உளவியல் என்றால் மனிதர்களோடு பேசுவது என்று நினைத்துச் சேருகிற பிள்ளை, புள்ளியியல் பாடத்தில் போய் முட்டிக்கொள்கிறது. கணினி அறிவியல் என்றால் நிரல் எழுதுவது மட்டும்தான் என்று வருகிறவருக்குத் தர்க்கம், கணக் கோட்பாடு, நிகழ்தகவு என்று கணிதம் காத்திருக்கிறது. இதெல்லாம் ரகசியம் இல்லை, பாடத்திட்டத்தில் அச்சிட்டே இருக்கிறது. முதல் பக்கத்தை விட்டுவிட்டு இரண்டாம் ஆண்டுப் பாடப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் போதும். விமானி ஆக வேண்டும் என்பவர் பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுவது நல்லது. நிறங்களைப் பிரித்தறிவதில் சிக்கல் இருந்தால் அங்கேயே கதவு அடைபடலாம். கணிதம் கசக்கிறது என்று பதினைந்து வயதில் விட்டுவிடுகிறவர்களுக்கும் பின்னால் பொறியியல் மட்டுமல்ல, பல பல்கலைக்கழகங்களில் பொருளாதாரமும் கைவிட்டுப் போகிறது.

உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது, இன்றைய வேலையைப் பார்த்து என்ன பயன் என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சேர்ந்தபோது பேரேட்டில் பார்த்த கணக்கை இப்போது திரையில் பார்க்கிறேன். காகிதம் தராமல் இழுத்தடிக்கிறவர் மட்டும் அப்படியே இருக்கிறார்.

அடுத்த ஆண்டு சிறப்புப் பகுதி போடும்போது கட்டங்களைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, பத்துப் பேரின் ஒரு சாதாரண நாளைக் காலையிலிருந்து மாலைவரை அப்படியே எழுதி வாங்கிப் போடுங்கள். சாதனையாளர்கள் வேண்டாம். ஆள் கிடைக்கவில்லை என்றால் தணிக்கைக்கு நானே எழுதித் தருகிறேன். ஆண்டு இறுதியில் சரக்கு எண்ணும் நாளாகப் பார்த்து எழுதுகிறேன். அன்றைக்குத்தான் முட்டி அதிகம் வலிக்கும்.

இப்படிக்கு,
தணிக்கை வேலை பார்க்கும் ஒரு வாசகர்