பயிற்றுநர் ஆலோசகராகும்போது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உடற்பயிற்சிப் பயிற்றுநர் ஒருவர் மனநல ஆலோசகராக மாற விரும்பினால், ‘பிறர் மனக்குறையைக் கேட்டுப் பழகியவர்தானே’ என்று பலரும் ஊக்குவிக்கிறார்கள். பல ஆண்டுகள் பயிற்றுநராக இருந்துவிட்டு அதே வழியில் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயிற்றுநர் பழக்கம் எனக்கு உதவியதைவிட, அதை விட்டொழிக்கப் பிடித்த காலமே அதிகம்.

எத்தனை முறை தூக்க வேண்டும், எப்போது மூச்சை விட வேண்டும், முதுகு எங்கே வளைகிறது என்று பார்த்த மாத்திரத்தில் திருத்துவதற்குத்தான் பயிற்றுநருக்குச் சம்பளம். ஆலோசனை அறையில் இந்தச் சுறுசுறுப்பே கெடுதலாகிறது. பயிற்சிக் காலத்தில் ஒலிப்பதிவு செய்த என் முதல் உரையாடலை மேற்பார்வையாளர் போட்டுக் காட்டியபோது, வந்தவர் தமக்குத் தூக்கம் வருவதில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் நான் அவருக்கு ஒரு வார அட்டவணையே வகுத்துக் கொடுத்திருந்தது தெரிந்தது. ஏன் தூக்கம் வருவதில்லை என்று கேட்கவே இல்லை. மனமாற்றத்துக்கு இன்றியமையாதவை என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதியவற்றுள் ஒத்துணர்வும் நிபந்தனையற்ற ஏற்பும் உண்டு, அறிவுரை இல்லை. (‘ஆலோசகர்’ என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்புகிறது. சிலர் வழங்கும் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.)

பழைய தொழிலறிவு வீண் என்பதன்று. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர் மனச்சோர்வு நோயுற்ற 156 பேரிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 16 வாரங்களின் முடிவில், உடற்பயிற்சி செய்தவர்கள் மருந்து உட்கொண்டவர்களுக்கு ஏறத்தாழ இணையாகத் தேறியிருந்தனர்; ஆனால் தொடக்கத்தில் மருந்தே விரைவாகப் பலன் தந்தது. முதற்பாதியை மட்டும் கேட்டுவிட்டு, ‘ஓடினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். அதைவிட உறுத்துவது வேறொன்று. போதிய தசை இருந்தும் தாம் மெலிந்திருப்பதாகவே நம்பி உடலை வதைத்துக்கொள்ளும் நிலைக்கு ஆய்வாளர்கள் 1997-இல் தனிப்பெயரே இட்டுவிட்டனர்; நானோ உடற்பயிற்சிக் கூடத்தில் அதை விடாமுயற்சி என்று பாராட்டிக்கொண்டிருந்தேன்.

வருமானம் குறித்த அச்சத்தில், தம்மிடம் பயிற்சி பெற்றவர்களையே ஆலோசனைக்கும் அழைத்துக்கொள்ளும் எண்ணம் எழலாம், அது கூடாது. நேற்றுவரை எடையைச் சோதித்து உற்சாகப்படுத்தியவரிடம், உணவை மறைத்து மறைத்து உண்பதை ஒருவர் எப்படிச் சொல்வார்? ஒரே நபரோடு இருவகை உறவு வைப்பதைத் தொழில்முறை நெறிகள் எச்சரிப்பதன் காரணம் இதுதான்.

ஆகவே, தொழில் மாற்றம் பற்றிய கட்டுரைகளை வெளியிடும்போது, சான்றிதழ் எத்தனை மாதங்களில் கிடைக்கும் என்பதோடு, மேற்பார்வையின் கீழ்ப் பணிபுரிய வேண்டிய காலத்தையும் அக்காலத்தில் வருமானம் குறையக்கூடும் என்பதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பயிற்றுநர் ஒருவர்