லூப்பில் இசையையும் விடுங்கள்

லண்டன் நகர மையத்தில் உள்ள நம் திருச்சபையின் ஆயருக்கும், சபைக் குழுவினருக்கும், இசை இயக்குநருக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள்.

திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 12ஆம் ஞாயிறன்று வாசித்த சுவிசேஷம் மாற்கு 7. காது கேளாதவனின் காதுகளில் இயேசு விரல்களை வைத்து "எப்பத்தா" (திறக்கப்படு) என்று சொல்லும் பகுதி. அந்த ஞாயிறுக்கென்றே ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1726இல் லைப்சிக்கில் எழுதிய, அவர் படைப்புப் பட்டியலில் 35ஆம் எண்ணுள்ள கன்டாட்டாவை, அதாவது பாடலும் வாத்தியமும் சேர்ந்த ஆலய இசையை, பிரசங்கத்துக்கு முன் ஒரு பாதி, பின் ஒரு பாதி என்று முறைப்படி வாசித்தீர்கள். ஆல்டோ குரலோடு ஆர்கனும் தனித்து இழையும் இசை அது. காது மிஷினை, ஆலயத்தின் லூப் வழியாகக் கேட்கும் 'டி' நிலையில் வைத்திருந்த எங்களுக்கு இரண்டு பாதியிலும் ஒரு சத்தமும் வரவில்லை. வயலின் வில்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

காரணம் சின்னது. ஆலயத்தைச் சுற்றி ஓடும் லூப் கம்பி எதைக் காந்தப்புலமாக அனுப்புகிறதோ அதை மட்டும்தான் 'டி' நிலை வாங்கும். மிஷினின் சொந்த மைக் அப்போது அணைந்திருக்கும். நம் லூப்புக்குப் போவது பிரசங்க மேடை மைக், வாசக மேடை மைக், ஆயரின் காலர் மைக் மூன்றும்தான். பாடகர் குழுவும் வாத்தியங்களும் மைக் இல்லாமல் ஒலிக்கிறார்கள். ஆகவே பேச்சு முடிந்து இசை தொடங்கியதும் எங்களுக்கு ஆலயம் அணைந்துவிடுகிறது.

"பாட்டு வரும்போது, மிஷினின் சொந்த மைக் வேலை செய்யும் 'எம்' நிலைக்கு மாற்றிக்கொள்ளலாமே" என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். மூட்டுவலி விரலால் காதுக்குப் பின்னே பட்டனைத் தடவி மாற்றுவதற்குள் முதல் வரி போய்விடும். ஜெபத்துக்குத் திரும்பும்போது மறுபடி அதே பாடு. இன்னொன்று, காது மிஷின் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஆர்கன் ஒரே சுரத்தை நீளப் பிடித்தால், அதைத் தன் ஒலியே மைக்குக்குள் திரும்பி எழுப்பும் கூச்சல் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். சுரம் நடுங்கும், சில சமயம் பக்கத்திலேயே இல்லாத இன்னொரு சுரம் கேட்கும். கல் சுவரின் எதிரொலியும் சேர்ந்தால் சொல் ஒன்றும் பிடிபடாது.

ஆகவே கேட்கிறோம்: லூப்பில் இசையையும் விடுங்கள்.

இதற்குப் புது மைக் வாங்கவே வேண்டாம் என்பதுதான் எங்களுக்கு ஆற்றாமை. நேரலைக்காக வாத்தியக்காரர்களுக்கு முன்னால் மெல்லிய ஒலியையும் பிடிக்கும் ஒரு ஜோடி கண்டென்சர் மைக் ஏற்கெனவே தொங்குகிறது. வீட்டில் நாற்காலியில் இருந்து பார்ப்பவர் ஓபோ குழல் வாசிப்பவரின் மூச்சு வரை கேட்கிறார். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கவில்லை.

ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் ஒரு துணை வெளியீட்டை லூப்புக்கென்றே ஒதுக்குங்கள். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பிரதான ஃபேடரை இறக்கினாலும் அது அறுந்துபோகாதபடி ஃபேடருக்கு முன்னிருந்து எடுங்கள். அந்த ஜோடி மைக்கை அதில் மட்டும் ஏற்றுங்கள், ஸ்பீக்கருக்கு வேண்டாம். ஆலயத்தின் இயல்பான ஒலி கெடும் என்ற இசை இயக்குநரின் கவலைக்கு அப்போது இடமிருக்காது. ஆர்கன் குழல்கள் மேல்மாடத்தில் இருப்பதால் அங்கு மட்டும் இன்னொரு மைக் தேவைப்படலாம். நேரலைக் கணினியைத் தாண்டி வரும் ஒலியை எடுக்காதீர்கள். அது தாமதித்து வரும், பாடகரின் உதடு ஒன்று சொல்ல காது ஒன்று கேட்கும். மைக் கேபிள், வெளி இரைச்சல் ஏறாதபடி செய்த பேலன்ஸ்டு வகையாக, லூப் கம்பியை ஒட்டாமல் போகட்டும்; இல்லையென்றால் லூப்பின் புலமே கேபிளில் ஏறிச் சுற்றிச் சுற்றிக் கூவும்.

லூப் ஆம்பிளிஃபையரின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடும் பேச்சுக்கு வைத்தது. உள்வரும் அளவைக் குறைக்காவிட்டால் மெல்லிய இடம் உப்பி, உரத்த இடம் நசுங்கும். காந்தப்புலத்தின் வலிமை உச்சத்தில் மீட்டருக்கு 400 மில்லி ஆம்பியர், உட்கார்ந்தவர் தலை உயரமான 1.2 மீட்டரில் அளந்தது: லூப்புக்கான சர்வதேசத் தரநிலை கேட்பது இதைத்தான். இங்கே லூப் உண்டு என்று சொல்லும் நீல நிறக் காதுப் படத்தைக் கதவில் ஒட்டியபிறகு யாராவது அளந்தார்களா?

வாசலில் வானவில் கொடி இருக்கிறது, சரிவுப்பாதை இருக்கிறது, குளூட்டன் இல்லாத அப்பம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இந்தச் சபை போராடியது. அதற்காகவே நாங்கள் இங்கு வருகிறோம். எங்கள் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் மறந்துபோகிறது. கன்டாட்டாவின் மொழிபெயர்ப்புத் தாளைப் பொடி எழுத்தில் அச்சடித்துக் கையில் தருகிறீர்கள்; கேட்காத பாட்டுக்கு வாசிக்கவும் முடியாத தாள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இதையெல்லாம் நாங்கள் வந்து கேட்கும் முன்பே யோசித்துச் செய்யச் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி வாங்க எங்களுக்கு மனமில்லை. மூன்று முறை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம். மற்றச் சபைகளில் இதே நிலையில் இருக்கும் நம் மக்களும் படிக்கட்டும் என்று இம்முறை தமிழில் எழுதுகிறோம்.

தயவுகூர்ந்து லூப்பில் இசையையும் விடுங்கள். ஞாயிறுதோறும் ஒத்திகையின்போது, ஆராதனைக்கு 20 நிமிடம் முன்னால், லூப் ரிசீவரை ஹெட்போனில் மாட்டி ஒருவர் ஆலயத்தின் நாலு மூலைக்கும் நடந்து பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு எங்களில் இருவர் பெயர் தருகிறோம். மிக்ஸர் அறைச் சாவியை மட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
செவித்திறன் குறைந்த சபையார் சிலர்