டிசம்பர் மாசப் பண்டிகைப் பாடம் பற்றி எங்கட தமிழ் ரீச்சர்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் ரீச்சர்மார், சேர்மார்,

இஞ்ச கனடாவில ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கூடங்களில படிப்பிக்கிற தமிழ் ஆக்கள் இப்ப கனபேர் இருக்கிறியள், அதாலதான் இதைத் தமிழிலயே எழுதுறன். ஒவ்வொரு டிசம்பரும் சின்ன வகுப்புகளில உலகத்துப் பண்டிகைகள் எண்டு ஒரு கிழமை பாடம் நடக்கும்தானே, அது கட்டாயம் வேணும். "எங்கட பிள்ளைக்கு ஏன் மற்ற ஆக்களின்ர சமயம்" எண்டு சில பெற்றோர் வாட்ஸப் குறூப்பில எழுதினதைப் பாத்து எனக்குக் கவலைதான் வந்தது. நான் கேக்கிறது என்னண்டா, பண்டிகையளின்ர எண்ணிக்கையைக் குறைச்சு, எடுக்கிற ஒண்டு ரெண்டை அதின்ர காரணத்தோட, அதின்ர நாளில, ஆறுதலாச் சொல்லிக் குடுங்கோ.

இப்ப கன இடத்தில திங்கள் ஹனுக்கா, செவ்வாய் தீபாவளி, புதன் குவான்சா, வியாழன் சுவீடன்காரற்ற லூசியா, வெள்ளி கிறிஸ்மஸ் எண்டு ஓடி முடிச்சு, எல்லாத்துக்கும் ஒவ்வொரு விளக்குப் படம் குடுத்துக் கலர் அடிக்க விடுறது. கடைசியில பிள்ளையிட்டக் கேட்டா எல்லாம் ஒரே லைற் பண்டிகை எண்டு சொல்லுது. அது பிள்ளையின்ர பிழை இல்லை, நாங்கள் அப்பிடித்தான் காட்டியிருக்கிறம். விளக்கு எல்லாரும் ஏத்தினம் சரி, ஆனா ஏன் ஏத்தினம் எண்டதிலதானே ஒரு சனத்தின்ர கதையே கிடக்கு.

ஹனுக்காவையே எடுங்கோ. கி.மு. 2ஆம் நூற்றாண்டில அந்தியோக்கஸ் எண்ட கிரேக்க அரசன் யூதரின்ர வழிபாட்டைத் தடை செய்து ஜெருசலேம் கோயிலைக் கெடுத்துப்போட, மக்கபேயர் எண்ட யூதப் போராளியள் சண்டை பிடிச்சு அதை மீட்டுத் திரும்ப விளக்கேத்தின கதை அது, எங்கட ஊர்ச் சனத்தின்ர பிள்ளையளுக்கு இது விளங்காத கதையே? எட்டு இரவு, முதல் நாள் ஒரு திரி, அடுத்த நாள் ரெண்டு எண்டு ஏறிக்கொண்டு போகும், அதோட மற்றத் திரியளை ஏத்துறதுக்கெண்டு ஒவ்வொரு நாளும் ஒரு திரி தனிய, அதாலதான் அந்த விளக்குத்தண்டில ஒன்பது இடம் இருக்கு. மொத்தம் எத்தனை மெழுகுதிரி வேணும் எண்டு ரெண்டாம் வகுப்புப் பிள்ளையிட்டக் கேளுங்கோ, கூட்டிப் பாத்தா 44 வரும், கணக்குப் பாடமும் முடிஞ்சுது. ட்ரெய்டல் எண்ட பம்பரத்தில நாலு பக்கத்திலயும் நாலு ஹீப்ரு எழுத்து, ஒரு எழுத்து விழுந்தா ஒண்டுமில்லை, ஒண்டுக்கு முழுக்க எடுக்கலாம், ஒண்டுக்குப் பாதி, மற்றதுக்கு நீங்கள் ஒண்டு போடோணும். சொக்லேற் காசு வச்சு விளையாட விட்டா அந்தப் பிள்ளையள் அதைப் பத்து வருசம் போனாலும் மறக்காதுகள். யூத ஆக்களுக்கு இது பெரிய திருநாளும் இல்லை, அவைக்குப் பெரிசு செப்டெம்பர், ஒக்ரோபரில வாற ரோஷ் ஹஷானாவும் யோம் கிப்பூரும், கிறிஸ்மஸுக்குப் பக்கத்தில வாறபடியால இதைத் தூக்கிப் பிடிக்கிறம் எண்டதையும் சொல்லோணும்.

குவான்சாவிலயும் இதே கரைச்சல்தான். அதை ஆபிரிக்கக் கிறிஸ்மஸ் எண்டு போஸ்டர் ஒட்டினதை நான் பாத்தனான். அது ஆபிரிக்காவில இருந்து வந்த பண்டிகையே இல்லை, 1966இல கலிபோர்னியாவில மௌலானா கரெங்கா எண்டவர் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கினது, டிசம்பர் 26இல இருந்து ஜனவரி 1 வரைக்கும், நடுவில ஒரு கறுப்பு, ஒரு பக்கம் மூண்டு சிவப்பு, மற்றப் பக்கம் மூண்டு பச்சை மெழுகுதிரி. பேரே முதல் அறுவடையைக் குறிக்கிற சுவாஹிலிச் சொல்லில இருந்து வந்தது. இதைத் தெரியாமல் கிளாசில இருக்கிற சோமாலியப் பிள்ளையையும் ஜமேக்காப் பிள்ளையையும் பாத்து "உங்கட வீட்டு குவான்சாவைப் பற்றிச் சொல்லுங்கோ" எண்டு கேட்டா அதுகள் என்ன செய்யும்? சோமாலியப் பிள்ளை அநேகமா முஸ்லிமா இருக்கும், அவையின்ர ஈத் சந்திரக் கணக்கு, வருசா வருசம் 10, 11 நாள் முன்னுக்கு வந்துகொண்டிருக்கும், 2030இல நோன்பு ஜனவரியிலயும் தொடங்கும் டிசம்பரிலயும் தொடங்கும். ஜமேக்காப் பிள்ளையின்ர வீட்டில கிறிஸ்மஸுக்கு சொரெல் பானமும் கறுப்புக் கேக்கும் இருக்கும்.

எங்கட பிள்ளையளுக்கும் இதுதான் நடக்குது. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டில, மன்னார் ஆக்கள், பரம்பரைக் கத்தோலிக்கர், மகனிட்டத் தீபாவளியைப் பற்றிப் பேசச் சொல்லிக் கிளாசில கேட்டிருக்கினம், பிள்ளை ஒண்டும் தெரியாமல் முழிச்சுப்போட்டு வீட்ட வந்து நாங்கள் தமிழ் இல்லையோ எண்டு கேட்டிருக்கு. அந்த வீட்டுக் கிறிஸ்மஸைக் கேட்டிருந்தா எவ்வளவு சொல்லியிருப்பான். நவம்பரிலயே ரவையும் கஜுவும் நீத்துப்பூசணி இனிப்பும் பன்னீரும் போட்டுக் கேக் அடிச்சு, சின்னச் சின்னத் துண்டாப் பேப்பரில சுத்தி, சைவ வீடு முஸ்லிம் வீடு எண்டு பாக்காமல் அயல் முழுக்கக் குடுக்கிறவை. கறுத்த தலையும் தமிழ்ப் பேரும் கண்டவுடனே தீபாவளி எண்டு முடிவெடுக்காதேங்கோ. முகத்தைப் பாத்துப் பண்டிகையைக் குடுக்காமல், உங்கட வீட்டில குளிர்காலத்தில என்ன செய்யிறனீங்கள் எண்டு எல்லாரிட்டயும் பொதுவாக் கேளுங்கோ, ஒண்டும் செய்யிறேல்ல எண்டு ஒரு பிள்ளை சொன்னா அதுவும் சரிதான்.

தீபாவளியை டிசம்பருக்கு இழுத்து வாறதும் வேண்டாம், அது ஒக்ரோபர் நவம்பரிலயே முடிஞ்சுபோம். எங்கட குளிர்காலப் பெருநாள் தைப்பொங்கல், ஜனவரி 14 இல்லாட்டி 15. ஜனவரியை எங்கட ஒன்ராறியோ மாகாணம் 2014இலயே தமிழ் மரபுத் திங்கள் எண்டு சட்டம் போட்டிட்டுது, ரெண்டாம் வகுப்பு சமூகக்கல்வியில குடும்ப மரபுகள் எப்பிடி மாறுது எண்டே ஒரு பகுதி இருக்கு, பொங்கலை விட வேற என்ன நல்ல உதாரணம் வேணும் உங்களுக்கு! ஊரில முத்தத்தில கோலம் போட்டு, மூண்டு கல்லு வச்சு, சூரியனைப் பாத்துப் பொங்கினம், இஞ்ச அப்பார்ட்மென்ரில கரண்ட் அடுப்பில பொங்கிறம், பால் வழிஞ்சு புகை எழும்பி அலாரம் அடிக்குமோ எண்டு ஒராள் துவாயோட கீழ நிண்டு விசுக்கிறது. வல்வெட்டித்துறைக் கடற்கரையில பொங்கலண்டு பட்டப் போட்டி நடக்கும், வாடைக்காத்தில பெரிய பெரிய பட்டமெல்லாம் மேல நிக்கும், விண் கட்டின பட்டம் கூவுற சத்தம் ஊருக்கே கேக்கும். கடதாசியும் ஈர்க்கும் பசையும் குடுத்து ஒரு பின்னேரம் பட்டம் கட்ட விடுங்கோ. எந்தச் சமயத்துப் பிள்ளையும் அதில கை வைக்கும்.

நோர்த் யோர்க் பக்கம் படிப்பிக்கிறவை டிசம்பர் 21 அளவில ஈரானிய ஆக்களின்ர யல்டா இரவை விடாதேங்கோ, மாதுளையும் வத்தகப்பழமும் வெட்டி வச்சு ஹாஃபிஸின்ர கவிதை வாசிச்சு, வருசத்தின்ர நீளமான ராவைக் குடும்பமா முழிச்சிருந்து கழிக்கிறவை. அதோட ஒண்டு, இந்த மண்ணின்ர சொந்தக்காரரை இந்தப் பாடத்தில நான் காணவே இல்லை. அனிஷினாபே ஆக்களிட்டப் பனி நிலத்தில கிடக்கிற காலத்தில மட்டும் சொல்லுற கதையள் இருக்கு. புத்தகத்தைப் பாத்து நீங்கள் சொல்லப் போகாமல், அவையில ஒரு பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டு, அவை சொல்லலாம் எண்டதை அவையே சொல்ல விடுங்கோ. டிசம்பரில ரெண்டு, ஜனவரியில ரெண்டு போதும், மிச்சம் அடுத்த வருசம் வரட்டும்.

பெற்றோரைக் கூப்பிடுறதெண்டா நவம்பரிலயே அறிவித்தல் விடுங்கோ, தமிழிலயும் விடுங்கோ. வேலைக்குப் போறவை லீவு எடுக்கோணும், அம்மம்மா அப்பப்பாமார் வாறதெண்டா பனிக்க ஆரும் ஏத்தி இறக்கோணும். என்ன சொல்லோணும், எவ்வளவு நேரம், நட்ஸ் கொண்டுவரலாமோ இல்லையோ எண்டதையும் அதில எழுதிவிட்டியள் எண்டா அவை ஆயத்தமா வருவினம்.

அன்போட,
ஸ்காபரோவில இருந்து ஒரு அம்மா