ஒரு சுங்குடிச் சேலைக்காக மதுரை ஆட்சியருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

தங்கையின் வளைகாப்புக்காக அம்மா போனில் ‘மதுரை சுங்குடி’ என்று போட்டிருந்த ஒரு சேலைக்கு ஆர்டர் கொடுத்தார். 1,150 ரூபாய். களையெடுத்துச் சம்பாதித்த நாலு நாள் கூலி அது. பார்சல் கொண்டுவந்த தம்பியிடம் ரொக்கமாகவே கொடுத்தார். திண்ணையில் வைத்துப் பிரித்ததும் சேலையைத் திருப்பித்தான் முதலில் பார்த்தார். பின்பக்கம் வெளிறிக் கிடந்தது. புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சேலையில் இரண்டு புள்ளி ஒன்றுபோல இருக்காது. 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சேலையின் பெயரில், அச்சடித்த பாலியஸ்டர் துணி வந்திருந்தது!

திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்றது ஆப். “சரி, போனது போகட்டும்” என்று அம்மா அதை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கவே கூடாது என்கின்றன 2020-ன் மின்வணிக விதிகள். புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

இவ்வளவு இருந்தும் எங்கள் தெருவில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக்கூட யாருக்கும் தெரியவில்லை. அதில் தமிழிலேயே பேசலாம் என்றபோது பக்கத்து வீட்டு அக்கா நம்பவே இல்லை.

மாவட்ட நுகர்வோர் பாதுகாப்பு கவுன்சிலுக்குச் சட்டப்படி நீங்கள்தான் தலைவர். வருடத்துக்கு இரண்டு கூட்டமாவது நடக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள், ஐயா. ரேஷன் கடைச் சுவர்களில் 1915-ஐப் பெரிதாக எழுத வையுங்கள். அப்புறம், குறைதீர்க்கும் நாளில் மனு எழுதித் தர ஆள் உட்காருவதுபோல, நுகர்வோர் புகாரை ஆன்லைனில் ஏற்றித் தரவும் ஒருவரை உட்கார வையுங்கள். பில்லைப் படமெடுத்து ஏற்றத் தெரியாமலே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

வரும் திங்கட்கிழமை அந்தச் சேலையோடும் பில்லோடும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்துக்காரன் ஒருவன்