பையனைப் பட்டாளத்துக்கு அனுப்பும் பாண்டிக்கு

வெலிங்டன்,
ஐப்பசி 3

அன்புள்ள பாண்டிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இங்கே ஐப்பசி பிறந்ததும் பிறக்காததுமாக மழை பிடித்துக்கொண்டது. குன்னூர்ப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை என்பது உனக்குத் தெரியும். தேயிலை விலையைக் கேட்டிருந்தாய், அதைக் கேட்காதே. உன் பையன் சரவணனுக்கு அக்னிவீராக, அதாவது நாலு வருடச் சேவைக்கு, மதராஸ் ரெஜிமெண்ட் கிடைத்ததும், நவம்பரில் இங்கேயே பயிற்சி சென்டருக்கு வருவதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 20 நொடியில் ஓடினான், புல்-அப்ஸ் பத்தும் எடுத்தான் என்று எழுதியிருக்கிறாய். நல்லது, ஆனால் அந்தக் கணக்கு உசிலம்பட்டித் தரையில். இது ஆறாயிரம் அடி. முதல் இரண்டு மூன்று வாரம் மூச்சு வாங்கும், நேரம் இழுக்கும். பயப்பட வேண்டாம் என்று சொல், தானாகச் சரியாகும். ஓட்டத்தால் திணறுகிற பையன்கள் இங்கே குறைவு. துவைக்கத் தெரியாமல், பொத்தான் தைக்கத் தெரியாமல், ஐந்து நிமிடத்தில் சவரம் செய்யத் தெரியாமல் திணறுகிறவர்கள்தான் அதிகம். மிச்சமுள்ள இரண்டு வாரத்தில் அவனை ஓடவிடாதே. தங்கச்சியிடம் சொல்லி அவன் துணியை அவனே துவைத்து இஸ்திரி போடட்டும்.

காலை நாலரைக்கெல்லாம் எழுந்தாக வேண்டும். கக்கூஸ், சவரம், படுக்கை மடிப்பு, லைன் (தங்கும் கொட்டடி) கூட்டுவது எல்லாம் முடித்து பி.டி.க்கு (உடற்பயிற்சிக்கு) ஃபாலின் ஆகவேண்டும், அதாவது வரிசையில் நிற்கவேண்டும். அப்புறம் காலைச் சாப்பாடு, டிரில், ஆயுத வகுப்பு, சாயங்காலம் விளையாட்டு, ராத்திரி ரோல்கால். நடுவில் உடை மாற்ற ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். ஒருத்தன் தாமதமானால் பிளட்டூனே ரகடா (தண்டனைப் பயிற்சி) வாங்கும். ஆகவே ராத்திரி படுக்கும் முன்பே மறுநாள் உடையைப் போடும் வரிசையில் அடுக்கி வைக்கட்டும்: மேலே பி.டி. உடை, அதற்கடியில் யூனிஃபாரம், சாக்ஸ் பூட்டுக்குள்ளே.

டிரில் கட்டளைகள் இந்தியில். சாவ்தான் (விறைத்து நில்), விஸ்ராம் (தளர்ந்து நில்), தாய்னே முட், பாயே முட், பீச்சே முட் (பின்னால் திரும்பு), தேஸ் சல் (வேகமாக நட), தம் (நில்). இந்தி பேசத் தெரிந்திருக்கத் தேவையில்லை, இந்த ஏழையும் இங்கே வரும் முன்பே காதில் ஏற்றிவிடு. தாய்னே என்றால் வலது, பாயே என்றால் இடது. முதல் வாரம் பாதிப் பேர் இதில்தான் எதிரும் புதிருமாகத் திரும்பி முட்டிக்கொள்வார்கள். சாவ்தானில் வெகுநேரம் நிற்கும்போது மயங்கி விழுவது வெயிலால் மட்டும் இல்லை. முட்டியை இறுக்கிப் பூட்டிக்கொண்டு நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். முட்டியை மயிரிழை தளர்த்தி, பூட்டுக்குள் கால்விரலை அசைத்துக்கொண்டே இருக்கட்டும். வெளியே யாருக்கும் தெரியாது. காலைச் சாப்பாட்டைத் தட்டிக் கழிக்கக் கூடாது. குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீரையும் மறந்துவிடுவார்கள், மத்தியானம் கெண்டைக்கால் சதை பிடிக்கும்.

இப்போது பாதத்தைப் பற்றி. இதை அவனிடம் இரண்டு தடவை படித்துக்காட்டு. பூட் இங்கேயே கொடுப்பார்கள், நீ கடையில் வாங்காதே. கொடுக்கும்போது, அணியப்போகிற தடிச் சாக்ஸோடு போட்டுப் பார்க்கட்டும், விரல் முன்னால் இடிக்கக் கூடாது. உள்ளே மெல்லிய பருத்திச் சாக்ஸ், மேலே கம்பளிச் சாக்ஸ் போட்டால் உராய்வு இரண்டு சாக்ஸுக்கும் நடுவே போய்விடும், தோலில் விழாது. நகத்தை நேராக வெட்டவேண்டும், ஓரம் வளைத்து வெட்டினால் சதைக்குள் புகும். கொப்புளம் வந்தால் தோலை உரிக்கவே கூடாது. முழங்காலுக்குக் கீழே முன்எலும்பு வலித்தால் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல். நீளவாக்கில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசை. ஒரே புள்ளியில் சுருக்கென்றால் எலும்பில் கீறல் இருக்கலாம், அன்றைக்கே எம்.ஐ. ரூம் (டாக்டர் பார்க்கும் அறை) போகவேண்டும். பையன்கள் மறைப்பார்கள். அதிக நாள் பயிற்சி தவறினால் அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம், அது நியாயமான பயம்தான். ஆனால் கொப்புளத்துக்கு முதல் நாளே போனால் ‘அட்டென்ட் சி’ எழுதி இரண்டு நாள் லேசான வேலையோடு விட்டுவிடுவார்கள். சீழ் வைத்தபிறகு போனால் ஆஸ்பத்திரிக் கட்டில், அப்போதுதான் பேட்ச் போகும்.

மழை மாதத்தில் சேர்வதால் ஈரம் பெரிய தொல்லை. மூடுபனியில் துணி மூன்று நாளானாலும் காயாது. துவைத்ததை உலர்ந்த துண்டுக்குள் சுருட்டி, மேலே ஏறி மிதித்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போகும். அப்புறம் உதறிக் காயப்போடவேண்டும். உள்ளாடையும் சாக்ஸும் எப்போதும் மூன்று செட்: ஒன்று உடம்பில், ஒன்று பெட்டியில், ஒன்று கொடியில். நனைந்த பூட்டை நெருப்புப் பக்கம் வைக்கவே கூடாது, தோல் விறைத்து வெடிக்கும். பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மணிக்கு ஒரு தடவை மாற்றினால் விடிவதற்குள் போடும் பக்குவத்துக்கு வரும். பாலிஷ் அதற்குப் பிறகுதான். ஈரத்தோல் மேல் பாலிஷ் போட்டால் உள்ளே பூசணம் பூக்கும்.

இதே ஈரம் துப்பாக்கிக்கும் எதிரி. இன்சாஸ் துப்பாக்கியைச் சுத்தம் செய்யச் சிந்தியை (துணித் துண்டு) சொன்ன அளவிலேயே வெட்டவேண்டும், எண்ணெய் போட அதைவிடச் சற்றுச் சிறியது. தடிமனாக மடித்தால் பேரலுக்குள் மாட்டிக்கொள்ளும், அப்புறம் ஆயுதம் பழுது பார்க்கும் ஆர்மரரிடம் போய் நிற்கவேண்டும், உஸ்தாத் (பயிற்சி தருபவர்) சும்மா விடமாட்டார். புல்த்ரூவை (சிந்தி கோத்த கயிறு) சேம்பர் பக்கம், அதாவது குண்டு ஏறும் பக்கம், விட்டு, வாய்ப்பக்கம் நேராக ஒரே இழுப்பில் எடுக்கவேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறு உரசி வாய் தேயும், குறி போகும். ஃபயரிங் முடிந்த நாளில் மட்டும் துடைத்தால் போதாது. கரி இரண்டு மூன்று நாள் வியர்க்கும், தினமும் துடைக்கவேண்டும். பிஸ்டன் தலையிலும் கேஸ் சிலிண்டரிலும் ஒட்டும் கரியைத்தான் இன்ஸ்பெக்‌ஷனில் முதலில் பார்ப்பார்கள். கோத்தில் (ஆயுத அறையில்) திருப்பிக் கொடுக்கும் முன் மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும். வழிய வழியப் போட்டால் மண் ஒட்டும். சுடுவதற்கு முன் பேரல் உள்ளே காய்ந்திருக்கவேண்டும்.

கார்டு டூட்டி (காவல் வேலை) இரண்டு மணி நேரம் நிற்பது, நாலு மணி நேரம் ஓய்வு. ராத்திரி இரண்டிலிருந்து நாலு வரைக்கும்தான் கொடுமை. குளிருக்காக மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டக் கூடாது, காவல் நிற்கும் சென்ட்ரிக்குக் கண்ணைவிடக் காதுதான் வேலை. “தம்! கோன் ஆதா ஹை?” (நில்! யார் வருவது?) என்று கேட்டால் பதில் வராமல் புதர் அசையும். இங்கே அது பெரும்பாலும் காட்டெருமை. டார்ச்சை அதன் கண்ணில் அடிக்காமல், விரட்டாமல், அது போக வழி விட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். சமவெளிப் பையன்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

சாப்பாடு வயிற்றுக்குப் போதும், ருசி எதிர்பார்க்கவேண்டாம்.

பணம்: முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போய் 21,000 கைக்கு வரும். நாலாம் வருடம் 40,000, கைக்கு 28,000. நாலு வருடத்தில் அவன் பங்கு 5.02 லட்சம், அரசும் அதே அளவு போட்டு, வட்டியோடு 11.71 லட்சம் போல வரும், வரி கிடையாது. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரமாவார்கள் என்பதால் அந்தப் பணத்தை நம்பி இப்போதே கடன் வாங்கிவிடாதே பாண்டி, உன்னை எனக்குத் தெரியும். இன்னொன்று, நம்மூர் இனிஷியல் தகராறு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் உன் பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லாமல் என்று மூன்று விதமாக இருந்தால் சம்பளம் ஏறுவதே சிக்கலாகும். சான்றிதழில் உள்ளபடி மற்ற இரண்டையும் இந்த வாரமே திருத்து.

கிளம்பும்போது ஒரு நாள் முன்னதாகவே கிளம்பட்டும். இந்த மாதங்களில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் மலை ரயிலை ரத்து செய்துவிடுவார்கள், பர்லியார் ரோடும் அடைபடும். அப்போது கோத்தகிரி சுற்றி வரவேண்டும். பின்னால் லீவு முடிந்து திரும்பும்போதும் இதே கணக்குதான். ரோடு அடைப்பு என்று சொன்னாலும் ஓ.எஸ்.எல். (லீவு தாண்டித் தங்கியது) என்றே எழுதுவார்கள்.

பயிற்சி 31 வாரம், ஆகவே கசம் பரேடு (உறுதிமொழி அணிவகுப்பு) வைகாசிக் கடைசியில் வரும். நீயும் தங்கச்சியும் இரண்டு நாள் முன்பே நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்கவேண்டும், பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. தங்கச்சி முறுக்கு சுடுவாள் என்று தெரியும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் சோதனைச்சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் தூக்கில் கொண்டுவரச் சொல்.

அன்புடன்,
ராசு