கைபேசி வரைபடத்தில் இருப்பதுபோல் காஷ்மீர் ஏன் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி உரிமையாளர்கள் பலர் எங்களிடம் இந்தியா முழுவதற்குமான சுவர்ப்படம் வாங்குகிறீர்கள். எந்த வண்டி எந்த மாநிலத்தில் நிற்கிறது என்று குண்டூசி குத்தி வைப்பதற்காக. படத்தைப் பிரித்ததும் முதலில் வரும் கேள்வி: “காஷ்மீரை ஏன் சின்னதாகப் போட்டிருக்கிறீர்கள்?”

சின்னதாக்கவில்லை. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கப் பல முறைகள் உண்டு; கைபேசி வரைபடங்கள் பெரும்பாலும் மெர்க்கேட்டர் முறையில் விரிக்கப்பட்டவை. அதில் வடக்கே போகப் போக நிலம் ஊதிக்கொண்டே போகும். ஈரோடு வட அட்சரேகை 11 டிகிரியில், ஸ்ரீநகர் 34 டிகிரியில். ஈரோட்டில் ஒரு ஏக்கருக்குப் படத்தில் கிடைக்கும் இடத்தைப்போல் ஸ்ரீநகரில் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 1.4 மடங்கு கிடைக்கும். வழி தேட அது போதும். பரப்பை ஒப்பிட உதவாது. ஆகவே நாட்டுப் படத்தை நாங்கள் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பரப்பு மாறாத ஆல்பர்ஸ் முறையில் வரைகிறோம்.

எல்லைக் கோட்டை இந்திய நில அளவைத் துறையிடமிருந்து மட்டுமே எடுக்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் வெளிநாட்டுக் கோப்புகள் சிலவற்றில் காஷ்மீரின் தலைப்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். அதை அச்சிடுவது சட்டப்படி குற்றம். யார் கேட்டாலும் அச்சிட மாட்டோம்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் போர் போட்ட இடங்களின் பட்டியலைக் கொடுக்கும்போது “எந்த மண்டலம்?” என்று நச்சரிக்கிறோம் அல்லவா? சென்ற ஆண்டு நாமக்கல் மாவட்டப் பட்டியல் ஒன்று வந்தது. திருச்செங்கோட்டுப் புள்ளிகள் அந்தந்தத் தோட்டத்திலேயே விழுந்தன. ராசிபுரத்துப் புள்ளிகளோ அத்தனையும் லட்சத்தீவுப் பக்கம், அரபிக்கடலில்!

இடத்தை மீட்டர் எண்களால் குறிக்கும் யூடிஎம் முறை பூமியை ஆறு ஆறு டிகிரியாக 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. 43-ம் மண்டலம் முடிந்து 44 தொடங்கும் 78 டிகிரி தீர்க்கரேகைக் கோடு நம் கொங்கு நாட்டின் நடுவே, நாமக்கல் மாவட்டத்தை ஊடறுத்துப் போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்கள் மேற்கே. கரூர், நாமக்கல், சேலம் நகரங்கள் கிழக்கே. ஒவ்வொரு மண்டலத்துக்கும் எண்கள் புதிதாகத் தொடங்கும். கோட்டின் மேற்கு ஓரத்தில் 8,27,000 மீட்டர் அளவில் இருக்கும் எண், தாண்டியதும் 1,73,000 ஆகிவிடும். கையிலுள்ள ஜிபிஎஸ் கருவி தானாகவே மண்டலத்தை மாற்றிக்கொண்டது. நோட்டில் எழுதியவர் எண்களை மட்டும் குறித்துக்கொண்டார். பட்டியல் முழுவதும் 43-ம் மண்டலம் என்றே மென்பொருளுக்குப் போனதால், 44-ல் இருக்கும் ராசிபுரத்துப் புள்ளிகள் ஆறு டிகிரி மேற்கே தள்ளி விழுந்தன. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது, சொன்னதைச் செய்தது. எந்த வயலில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்ற பல ஆண்டுக் கணக்கு இப்படிக் கடலில் போய் விழுந்ததைப் பார்த்தபோது எங்களுக்கு மனசே ஆறவில்லை.

ஆகவே இனி அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசம டிகிரியில் குறித்துத் தாருங்கள், 11.38012, 77.89045 என்பதுபோல், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கமாவது இருக்கட்டும். மண்டலச் சிக்கலே வராது. பழைய நோட்டுகளை அப்படியே கொண்டுவாருங்கள், ஊர்ப் பெயரை வைத்து நாங்கள் பிரித்துக்கொள்கிறோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் வரைபடக் கடையினர்,
ஈரோடு