தெப்பக்குளக் கரையில் என்னோடு நடக்கும் நால்வருக்கு

அன்புள்ள வங்கி அக்காவுக்கும், ஆசிரியைக்கும், சுங்குடி மதினிக்கும், மாவுக்கடைத் தங்கைக்கும்,

பெயரைப் போட்டு ஊருக்குச் சொல்லக் கூடாது என்று நீங்கள் நால்வரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், நான் உங்களை அழைக்கும் முறையிலேயே இந்த நன்றி மடலை எழுதுகிறேன். கடந்த ஐப்பசியில் எனக்குக் கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தபோது நீங்கள் முறைவைத்துச் செய்த உதவிகளுக்கு நேரில் நன்றி சொல்ல வாயெடுத்த போதெல்லாம், 'போதும், நடையைக் கட்டு' என்று அடக்கிவிட்டீர்கள். எழுத்தில் சொன்னால் உங்களால் குறுக்கே பேச முடியாதல்லவா?

திருமணமாகித் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து நான் மதுரை அனுப்பானடிக்கு வந்தது 2003ஆம் ஆண்டில். அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் எனக்கென்று ஒரு சிநேகிதி இல்லை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது, ஏனென்றால் செல்பேசி நிறையப் பெண்கள் இருந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் ஏதோ ஒரு குழந்தையின் பெயரோடு 'அம்மா' என்று முடிகிறவர்களாகவே அதில் பதிவாகியிருந்தார்கள். என் மகள் 2022இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். மாற்றுச் சான்றிதழை எந்தத் தேதியில் தருவார்கள் என்று யாரோ கேட்டதும், அதற்கு யாரோ பதில் சொன்னதுமே அந்த வாட்ஸ்அப் குழுவின் கடைசிப் பேச்சு. கல்லூரிக் காலத்துத் தோழி ஒருத்தி தன் முதல் பிரசவத்துக்குப் பிறகு இரண்டு முறை அழைத்தும் திரும்ப அழைக்காமல் விட்டவள் நான்தான் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று மருத்துவர் சொன்னதால் அந்த ஆண்டு ஜூன் மாதம் தெப்பக்குளத்தைச் சுற்றத் தொடங்கினேன். திருமலை நாயக்கர் வெட்டிய குளத்தை இரண்டு வாரம் தனியாகவே சுற்றினேன். பதினைந்தாவது நாளோ என்னவோ, வங்கி அக்கா நீங்கள் என்னை நிறுத்தி, நாளைக்குச் சேர்ந்து நடக்கலாமா என்று கேட்டீர்கள். நான் வழக்கம்போல் 'பார்க்கலாம்க்கா' என்றேன். நம் ஊரில் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நீங்கள் நகராமல், 'பார்க்கலாம்னா எங்கே, எத்தனை மணிக்கு?' என்று கேட்டீர்களே, என் வாழ்க்கையில் எவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மாரியம்மன் கோயில் வாசல், ஐந்தேகால் மணி என்று முடிவானது. ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர், நாளைக்கு மூன்று சுற்று. எழுப்பிவிட மிஸ்டு கால் கொடுப்பது மாதத்துக்கு ஒருவர் பொறுப்பு.

இந்த மடலில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 2024ஆம் ஆண்டுச் சித்திரைத் திருவிழாவில் நடந்ததைப் பற்றி. மீனாட்சி திருக்கல்யாணத்தன்று பெண்கள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வது மதுரையில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். முதல் நாள் காலை நான் மஞ்சள் கயிறும் குங்குமமும் வைத்த சிறு பொட்டலங்களைக் கொண்டுவந்து, ஆசிரியைக்கும் மதினிக்கும் தங்கைக்கும் கொடுத்தேன். கணவரை இழந்து நான்கு ஆண்டுகளான அக்காவுக்குக் கொடுக்கவில்லை. யாரும் எதுவும் பேசவில்லை, அன்றைக்கு மூன்று சுற்றும் நடந்தோம். மறுநாளிலிருந்து பதினோரு நாள் அக்கா வரவில்லை.

உறவுக்காரரோடு மனஸ்தாபம் என்றால் ஒரு காதுகுத்தோ கல்யாணமோ வந்து சேர்த்துவைத்துவிடும். மொய் நோட்டில் நம் பெயர் இருக்கும் வரை எவரும் எவரையும் ஒரேயடியாக விட்டுவிட முடியாது. சிநேகிதிக்கு அப்படியொரு நோட்டு கிடையாது. நாளை நான் போகாவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை, அவர் வராவிட்டாலும் கேட்பதற்கு ஆளில்லை, அவ்வளவில் முடிந்துவிடும். அந்தக் கல்லூரித் தோழியை நான் இழந்ததும் இப்படித்தான். அந்தப் பயத்தில்தான் பன்னிரண்டாம் நாள் அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

அக்கா, நீங்கள் என்னை உட்காரச் சொல்லாமல், ஒரு தட்டு நிறையச் சின்ன வெங்காயத்தை என் முன்னால் தள்ளினீர்கள். பாதி உரித்தபின் சொன்னீர்கள்: 'நீ எனக்குக் கயிறு கொடுக்காதது தப்பில்லை, எனக்கு எதுக்குக் கயிறு? அவங்களுக்குக் கொடுக்கிறப்ப என் முகத்தைப் பார்க்காம தலையைக் குனிஞ்சுக்கிட்டே பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கலை.' வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. பிறகு, அடுத்த ஆண்டு எல்லோருக்கும் மல்லிகைப்பூ மட்டும் வாங்கி வா, எனக்கும் ஒரு முழம் என்றீர்கள். மனத்துக்குள் வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போகாமல், என் தவறு இன்னது என்று சரியாக எடுத்துச் சொன்னதற்காக, மற்ற எல்லா உதவிகளையும்விட அதிகமாக உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். 2025 சித்திரையில் ஐந்து முழம் வாங்கினேன். அன்றைய பூ விலையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

மருத்துவமனையில் இரவு துணைக்கு இருப்பவரின் விவரத்தைக் கேட்ட படிவத்தில், 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் சிறிதும் யோசிக்காமல் 'அக்கா' என்று எழுதிக் கையெழுத்திட்டவரும் நீங்கள்தான். தோழி என்று எழுதியிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களோ என்னவோ.

ஆசிரியைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கணவரின் வேலை மாற்றத்தால் 2023இல் திருமங்கலத்துக்குக் குடிபோனபின் நீங்கள் எங்களை மறந்துவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021இல் ஆனதனால், சிநேகிதியைப் பார்க்கப் போவதற்கு எவரிடமும் காசு கேட்டுக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டு, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பெரியார் நிலையத்தில் வந்து இறங்குகிறீர்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்குத் தலைவாரிவிட்டது உங்கள் கைதான்.

மாவுக்கடைத் தங்கை ஒரு மாதம் முழுவதும் இட்லி மாவைத் தூக்குச் சட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், இன்று வரை காசு வாங்க மறுக்கிறாள். மதினி, நீங்கள் முடிச்சுப் போட வேண்டிய சுங்குடித் துணியையும் எடுத்துக்கொண்டு வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மதியம் முழுவதும் முடிந்துகொண்டிருந்தீர்கள். கூலி வேலையை விட்டுவிடாமலும் என்னை விட்டுவிடாமலும் இருக்க நீங்கள் கண்டுபிடித்த வழி அது. பேச முடியாத நாட்களில், நூல் சுற்றி இழுக்கும் உங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

என் மாமியாருக்கும் இந்த மடலில் இடமுண்டு. நாத்தனாரும் ஓரகத்தியும் இருக்கும்போது வெளியார் எதற்கு என்று முதல் வாரம் முகம் சுளித்தவர், இரண்டாம் வாரம் நீங்கள் வரும் நேரத்துக்குக் காபி கலந்து வைக்கத் தொடங்கினார். நான் மீண்டும் நடக்கப் போகும் காலைகளில் அடுப்படியைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார்.

மருத்துவர் நடக்கலாம் என்று சொல்லிவிட்டார், முதலில் ஒரு சுற்று மட்டும். இந்த மாதம் மிஸ்டு கால் கொடுக்கும் முறை என்னுடையது. ஆகவே, செல்பேசியின் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்கும் பழக்கமுள்ள வங்கி அக்கா இன்றிரவு அதை மாற்றி வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்களுள் ஒருத்தி,
அனுப்பானடி, மதுரை.